பொன்னாடைக்குப் பிறகு கேள்வி இல்லை

புதிதாகக் கிளைச் செயலாளர் ஆகியிருக்கும் உங்களுக்கெல்லாம் நாலு வார்த்தை எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். மினிட் புத்தகத்தை எப்படி எழுதுவது, கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் அழைப்பு அனுப்புவது என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் தோட்டத்துக் கிளையின் செயலாளராக இருந்தேன். அதில் ஒரே ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் செயலாளர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள் என்பது காலம் போன பிறகே எனக்கு உறைத்தது.

சட்டப் புத்தகத்தின் நடுவில் ஒரு விதி வரும். சங்கத்தின் சார்பில் யாரை எந்தப் பொறுப்புக்கு அனுப்பலாம் என்று தலைவர் பெயர் சொல்லலாம். ஆனால் அந்த ஆளைச் செயற்குழு நேரில் உட்கார வைத்து விசாரித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நியமனம் செல்லும். இதை எழுதிச் சேர்த்தவர் எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவர், ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. பேப்பர் படிக்கிற மனிதர். சில நாடுகளில் ஜனாதிபதியே ஒருவரை மந்திரியாகவோ நீதிபதியாகவோ போட நினைத்தாலும், மக்கள் சபை அந்த ஆளைக் கூப்பிட்டு வைத்துக் குடைந்து கேட்கும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் என்று எங்கோ படித்திருந்தார். “அத்தன பெரிய நாட்டுக்கு அது வேணும்னா நம்ம தோட்டத்துக்கு வேணாமா?” என்று கேட்டு அதை நிறைவேற்றினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள்.

அவர் இருந்த காலத்தில் அந்த விதி வேலை செய்ததை நானே பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி வேனுக்கு டிரைவர் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது தலைவர் தனக்கு வேண்டிய ஒருவரைக் கொண்டுவந்தார். செயற்குழுவில் ஒருவர் எழுந்து, “பனி எறங்குன நேரத்துல கீழ தாப்பா டவுன் வரைக்கும் வண்டி எறக்கியிருக்கியாப்பா?” என்று கேட்டார். அந்த ஆள் உண்மையைச் சொன்னான், இல்லை என்று. முடிந்தது, வேறு ஆளைப் போட்டார்கள். தலைவருக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை, பிறகு சரியாகிவிட்டது. யாரும் சாகவில்லை, சங்கமும் உடையவில்லை. கேள்வி என்பது அவ்வளவுதான். இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம், நீங்கள் யாரும் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் செயலாளர் ஆன மூன்றாவது வருடத்தில் இதைக் கொன்றுவிட்டேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மரியாதைக்காகச் செய்தேன்.

அப்போது ஆயாக்கொட்டகை மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைத் தலைவர் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். செயற்குழுவில் பதினொரு பேர். ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், ஒருவர் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்டார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “சின்னப் புள்ளைங்கள பாத்துக்கறதுக்கு என்னைய பொலிஸ் ஸ்டேஷன்ல நிக்க வச்ச மாதிரி நிக்க வச்சிட்டீங்களே” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பொறுப்பையும் ஏற்கவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை வேறொருவர் வந்தபோது, ஈப்போவிலிருந்து வாங்கி வந்த பொன்னாடை ஒன்றை வாசலிலேயே தலைவர் கையில் கொடுத்து, “முதல்ல இத போத்திடுங்க தலைவரே, வர்றவருக்கு மனசு குளுந்து இருக்கும்” என்றேன். எனக்கு அன்று என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

நம் ஆட்களுக்குப் பொன்னாடை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பளபளப்பான அந்தத் துணி இங்கே குளிருக்குக்கூட உதவாது. ஆனால் ஒருவர் தோளில் ஏறிவிட்டால் அதை இறக்க யாராலும் முடியாது. போர்த்தியதும் எல்லோரும் கை தட்டுகிறோம். கை தட்டிய அதே கையால் எப்படிக் கேள்வி கேட்பது? கேட்டால் அந்த ஆளை அவமதித்த மாதிரி, போர்த்திய தலைவரை அவமதித்த மாதிரி. முதல் வருடம் இரண்டொருவர் கேட்டுப் பார்த்தார்கள், குரல் எழும்பவில்லை. அதற்குப் பிறகு எழுந்தவர்கள் எல்லோரும் ஒரே வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள்: “வாழ்த்தி வழிமொழிகிறேன்.” வழிமொழிவது வேறு, வாழ்த்துவது வேறு என்பது எல்லோருக்கும் மறந்து போயிற்று. எனக்கும்தான்.

கேள்வியே வராது என்று ஆன பிறகு மினிட் எழுதுவது சுலபமாகிவிட்டது. கூட்டம் மாலையில் நடக்கும், நான் காலையிலேயே எழுதி வைத்துவிடுவேன். ‘தலைவர் முன்மொழிந்தவரைச் செயற்குழு விசாரித்து ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.’ என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ‘ஏகமனதாக’ என்பதில் அந்த ‘ஏ’வைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவேன். இப்போது அதை நினைத்தால் என் விரலை நானே நெரித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனி சரோஜாவின் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டம் தொழிலாளிகளுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீடுகளைப் பற்றி நிர்வாகத்துக்கும் நமக்கும் நீண்ட நாள் இழுபறி. வேலை முடிந்து ஓய்வு பெறுகிறவர், மாற்று வீடு கிடைக்கும்வரை லைன் வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது. நம் பக்கம் பேசிக் கையெழுத்துப் போட ஒரு பிரதிநிதி வேண்டும். தலைவர் தன் மச்சான் குணாவின் பெயரைச் சொன்னார். குணா ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீஸில் வேலை பார்த்தவர், பிறகு காய்கறி வியாபாரத்துக்குப் போனவர். மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவார். கீழே பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் போட்டிருந்தார். அந்த நிலம் தோட்டத்து நிலம், நிர்வாகத்திடம் குத்தகைக்கு எடுத்தது. இது ஊருக்கே தெரியும். அவருடைய லோரி நம் தோட்டத்து ரோட்டில்தான் தினமும் ஏறி இறங்கும். நிர்வாகம் நினைத்தால் குத்தகையைப் புதுப்பிக்காமல் விடலாம் என்பதும் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அப்படிப்பட்டவரை அதே நிர்வாகத்தோடு பேச அனுப்பலாமா என்று கேட்கத்தான் அந்த விதி இருக்கிறது.

அன்று மண்டபத்துக்கு வெளியே மழை. குணா வந்தார், தலைவர் பொன்னாடை போர்த்தினார், கை தட்டினோம். நான் வழக்கம்போல், “யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்று கேட்டுவிட்டுத் தாளைப் புரட்டினேன். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை என்பதால் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதும் இல்லை. அன்று ஏனோ தூக்கினேன். கடைசி வரிசையில் சரோஜாவின் கை மேலே இருந்தது.

சரோஜா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், செயற்குழுவில் பெண்கள் சார்பில் ஒரே ஆள். இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். கணவர் இல்லை. மகள் ஈப்போவில் இரண்டு அறை வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். சரோஜாவுக்கு என்று இருந்தது மூன்றாவது லைனில் அந்த வீடு ஒன்றுதான். கூட்டத்தில் அதிகம் பேசாதவர். அவர் கையைத் தூக்கினார் என்றால் வீட்டில் பல தடவை யோசித்துவிட்டுத்தான் வந்திருப்பார். கை தோளுக்குக் கொஞ்சம் மேலே, விரல்கள் பாதி மடங்கி இருந்தன. நான் அதைத் தெளிவாகப் பார்த்தேன். ஒரு கணம் யோசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். பொன்னாடை போட்டு உட்கார்ந்திருக்கிற தலைவரின் மச்சானை எல்லோர் முன்னாலும் இந்தம்மா எதையாவது கேட்டுவைத்தால் என்ன ஆகும்? மினிட் வேறு காலையிலேயே எழுதி முடித்தாகிவிட்டது.

“கேள்வி ஒன்னும் இல்ல. சரி, டீ ஆறுது, எல்லாரும் வாங்க” என்றேன்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம் எழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. பெரிய தப்பு நடக்கும்போது சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். பஜ்ஜிக்கு எல்லோரும் எழுந்து போவது போலத்தான் இருக்கும்.

மூன்று மாதம் கழித்துக் குணா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஓய்வு பெறுகிறவர் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்தது. மாற்று வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டபோது, “சும்மா சட்டத்துக்கு எழுதுறதுலா. மெனேஜர் வாயால சொன்னாரு, யாரையும் வெளிய தள்ள மாட்டோம்னு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அவருக்கு அதை நம்ப வேண்டியிருந்தது, நம்பினார். குத்தகையும் புதுப்பிக்கப்பட்டது.

சரோஜாவுக்கு அறுபது முடிந்த மாதம் நோட்டீஸ் வந்தது. அவரோடு இன்னும் நான்கு குடும்பம். விஷயம் கீழே டவுனில் தொழிலாளர் இலாகா அதிகாரி முன்னால் விசாரணைக்குப் போனது. நம் பக்கத்துக்காக வந்த இளம் வக்கீல் கெட்டிக்காரப் பெண். சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு நேராக அந்த விதியைப் பிடித்துக்கொண்டாள். விசாரணைக்கு முதல் நாள் எனக்குப் போன் பண்ணி, “அங்கிள், செயற்குழு அந்தாள விசாரிக்கவே இல்லனா அந்த நியமனம் செல்லாது. நியமனம் செல்லலனா கையெழுத்தும் செல்லாது. நெசமா விசாரிச்சீங்களா?” என்று கேட்டாள். மினிட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான் எழுதியதை நானே பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

மறுநாள் நிர்வாகத்தின் வக்கீல் என் மினிட் புத்தகத்தைக் கையில் எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அதிகாரியிடம் காட்டினார். மொழிபெயர்த்தும் வைத்திருந்தார். விசாரித்து ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது போல் உட்கார்ந்தார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். இது உன் கையெழுத்தா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று அந்த ஆளிடம் யாராவது கேள்வி கேட்டார்களா, அல்லது கேட்க விரும்பினார்களா என்று கேட்டார்.

நீங்கள் செயலாளராக இருக்கப் போகிறவர்கள். இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். அதனால் அந்த நிமிடத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கேட்க விரும்பினார்கள், நான் விடவில்லை, மினிட்டைக் காலையிலேயே எழுதிவிட்டேன் என்று சொன்னால் ஐந்து வீடு தப்பிக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் முழுவதும் அப்படி எழுதியதுதான். இது பொய் என்றால் மற்றதும் பொய். மற்ற ஒப்பந்தங்கள் எல்லாம் ஆட்டம் காணும், சங்கத்தின் பெயர் கெடும், தலைவர் தலை குனிவார். இப்படி நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் பார்க்கப் பெரிய மனுஷத்தனமாக இருந்தது. அடியில் இருந்தது வெட்கம் ஒன்றுதான். இத்தனை வருடம் நல்ல செயலாளர் என்று பெயர் எடுத்தவன், ஒரு அதிகாரி முன்னால் நான் பொய்யாக எழுதுகிறவன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். சங்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உங்கள் மனசு சொல்லும்போது கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலும் உங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

“தா அடா, துவான்” என்றேன். யாரும் இல்லை ஐயா, என்று.

பின்னால் பெஞ்சில் சரோஜா உட்கார்ந்திருந்தார். மலாய் அவருக்கு நன்றாகப் புரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நியமனம் செல்லும், கையெழுத்து செல்லும், நோட்டீஸ் செல்லும் என்று முடிவு வந்தது. செயற்குழுவின் ஒப்புதல் இருந்ததால் தொழிலாளர்கள் தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணமாக எழுதப்பட்டிருந்தது. ஆளைச் சோதித்துப் பார்க்க வைத்த விதி, சோதிக்காத ஆளுக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. அந்த விதியே இல்லாமல் இருந்திருந்தால்கூட வக்கீல் பெண்ணுக்கு வாதாட ஏதாவது கிடைத்திருக்கும். இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் ஆறுதல் தருகிற பக்கம் ஒன்றும் தென்படவில்லை.

அதற்குப் பிறகு திருத்தப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விசாரித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பொன்னாடை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லோரும் “வாழ்த்தி வழிமொழிகிறேன்” என்றார்கள். நிறைவேறியது. அடுத்த கூட்டத்தில் ஒரு புதிய ஆள் வந்தார், தலைவர் வாசலிலேயே போர்த்தினார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் தீர்மானத்தை ஞாபகப்படுத்தினேன். “அட, வந்தவர அவமானப்படுத்தாதீங்கலா” என்று தலைவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். என் சேவையில் ஏதாவது குறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அதைத் தோளில் போட்டுக்கொண்டே வீடு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் மாறிவிடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தலைவர்களுக்குக் கேள்வி பிடிக்காது, அது எங்கேயும் அப்படித்தான். செயற்குழுவுக்குச் சண்டை பிடிக்காது. நடுவில் இருக்கிற செயலாளருக்கு நேரத்தோடு கூட்டம் முடிய வேண்டும். எந்த நாட்டிலும் எந்தத் தோட்டத்திலும் இந்த மூன்று பேரும் சேர்ந்தால் போதும், சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். ஆனாலும் கேட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். கூட்டத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள். பாதி தூக்கிய கையும் கைதான்.

சரோஜா வீட்டைக் காலி செய்த அன்று காலை நான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், வழியெல்லாம் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டு போனேன். சின்ன லோரி ஒன்று லைன் வாசலில் நின்றது. அலமாரி, மெத்தை, இரண்டு தகரப் பெட்டி, சாமி படங்கள் எல்லாம் ஏறியாகிவிட்டது. ஈப்போவில் மகள் வீட்டுக் கூடத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறாளாம். அலமாரி உள்ளே நுழையுமா என்று தெரியவில்லை என்றார். கதவைப் பூட்டிச் சாவியை ஆபீஸ் ஆளிடம் கொடுத்தார். அவன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டான்.

“கோச்சிக்காதீங்கண்ணே, கேஸுக்கு எங்களோட சேந்து ரொம்ப அலஞ்சீங்க” என்றார். லோரியில் சரிந்திருந்த தகரப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தேன். 

“ஒன்னு சொல்லணும்ணே. குணாவ போட்ட அன்னைக்கு நான் ஒன்னு கேக்கலாம்னு இருந்தேன். அவரு கோஸ் போடற நெலம் யாரு குடுத்ததுன்னு. வீட்ல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வந்தேன். கையக்கூட தூக்கனேன்.”

“ம்” என்றேன்.

“ஆனா பயந்துகிட்டே தூக்கனேன். நல்லா ஒசத்தித் தூக்கல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா நீங்க கேக்க விட்ருப்பீங்க.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மத்த நாலு வீட்டுக்காரங்க மொகத்த என்னால பாக்க முடியலண்ணே. நான் சரியா தூக்கியிருந்தா அவங்களும் இருந்திருப்பாங்க. தெனம் படுத்தா இதே நெனப்புதான். நெசத்த சொல்லுங்க, ஒங்களுக்கு என் கை தெரியவே இல்லதானே?”

டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டான். சரோஜா போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியலம்மா” என்றேன்.